பிடி விடாதவள்

தூங்கினவன் கன்று கடாக்கன்று என்பார்கள், உறங்குகிறவனுக்கு நஷ்டம்தான் மிஞ்சும் என்று. பாக்கியசீலி விஷயத்தில் அந்தப் பழமொழி பலிக்கவில்லை. அவள் தூங்கித்தான் வீட்டில் உலை வைத்தாள். காலையில் தலைசீவி, பவுடர் போட்டு, தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவாள். பொருநை ஆய்வுப் பல்கலைக்கழகத்தின் உறக்கக் கூடத்தில் போய்ப் படுப்பாள். மத்தியானத்துக்கு மேல் எழுந்து, முகம் கழுவி, ஒரு காப்பியைக் குடித்துவிட்டு, விளக்கு வைப்பதற்குள் வீடு வந்து சேர்வாள். வேலைக்குப் போகிற எந்தப் பெண்ணுக்கு இந்தக் கொடுப்பினை உண்டு? பாளையங்கோட்டையில் அவள் தெருப் பெண்கள், "என்னட்டி, இன்னைக்கு ஓவர்டைம் உறங்குனியா? கண்ணு வீங்கியிருக்கு" என்று கேலி செய்வார்கள். அவளும் சிரித்துக்கொண்டே போவாள்.

கூடத்தில் என்ன வேலை நடக்கிறது என்பது தெருவுக்கே தெரியும். தெரிந்துதான் கேலி செய்தார்கள். கேலி செய்யாவிட்டால் அவளைப் பார்த்துப் பயப்பட வேண்டியிருக்கும்.

சாம்பல் காய்ச்சல் காலம் அது. வந்தவர்களுக்கு நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக இறுகும். மூச்சுக் கட்டில் என்று ஜனங்கள் பெயர் வைத்திருந்த இயந்திரக் கட்டிலில் சில வாரம் கிடந்தால் பிழைத்துக்கொள்ளலாம். கட்டிலோ கொஞ்சம், காய்ச்சல்காரர்களோ ஏராளம். இன்னாருக்குக் கட்டில், இன்னாருக்கு இல்லை என்று சொல்ல வேண்டிய டாக்டர்கள் பாவம், தின்ற சோறு செரிக்காமல் தவித்தார்கள். மந்திரி வீட்டிலிருந்து போன் வரும். சாதிச் சங்கத்திலிருந்து கார் வரும். யாரோ ஒரு தாய் காலைக் கட்டிக்கொண்டு விடமாட்டாள். அந்த நேரத்தில்தான் பேராசிரியர் உமையாளின் ஆராய்ச்சி அரசாங்கத்தின் கண்ணில் பட்டது.

உமையாள் காரைக்குடிப் பக்கம். மூளை மருத்துவம் படித்தவர், கண்டிப்பான அம்மாள். பொருளாதாரத் துறையோடும் உளவியல் துறையோடும் சேர்ந்து பல வருஷம் பாடுபட்டு ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். வேலைக்குச் சேர வந்த அன்று பாக்கியசீலியை எதிரில் உட்காரவைத்து அவரே அதை விளக்கினார்.

"முழிச்சிருக்கிற மனுஷன் தீர்ப்பு சொல்றப்ப முதல்ல பார்க்கிறது முகத்தை. நம்ம ஆளா, வேண்டாத ஆளா, நாளைக்கு நமக்கு ஆவானா. ஆழ்ந்த தூக்கத்துல ஒரு கட்டம் இருக்கு. அப்ப காது கேட்கும், நியாயம் அநியாயம் தெரியும். பயமும் முகதாட்சணியமும் மட்டும் இருக்காது."

"எனக்குத் தெரியாம நான் தீர்ப்பு சொல்லுவேனா மேடம்?"

"நீங்க சொல்லுவீங்க. எழுந்திரிச்சா ஞாபகம் இருக்காது. அதுதான் உங்களுக்கும் நல்லது."

நடைமுறை இவ்வளவுதான். படுத்திருப்பவளின் காதில் ஒரு நோயாளியின் விவரம் மெல்லிய குரலில் ஓடும். பெயர் இருக்காது, ஊர் இருக்காது. வயது, தொழில், அவரை நம்பியிருக்கும் உயிர்கள், முன்னால் வந்த வியாதிகள் மட்டும். வலது கையில் ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியில் இருப்பதுபோல ஒரு ரப்பர் பந்து. கட்டில் கொடுக்கலாம் என்றால் கை அதை ஒரு தடவை அழுத்தி விடும். வேண்டாமென்றால் சும்மா இருக்கும். ஒரே விவரத்தை ஐந்து பேர் கேட்பார்கள். எந்தப் பக்கம் அதிகமோ அதுதான் முடிவு. பாக்கியசீலி விழித்திருக்கும்போதே அழுத்திப் பழகினாள். முதலில் பிடித்தபடியே இருந்துவிட்டாள். "அழுத்திட்டு விடணும், விட்டாத்தான் கணக்கு" என்று உமையாள் சிரித்துக்கொண்டே திருத்தினார்.

கடைசியாக, சொந்தபந்தம் பற்றிக் கேட்டார். நெருங்கிய உறவுகளின் விவரம் அவள் காதுக்கு வராமல் தடுத்து, வேறு கூடத்துக்கு அனுப்புவதற்காக. அப்பா இறந்துவிட்டார், அம்மா உண்டு, புருஷன் விட்டுப் போய்விட்டான் என்று வரிசையாகச் சொன்னாள்.

"கூடப் பிறந்தவங்க?"

"யாரும் இல்ல மேடம்."

நாக்கு கூசவில்லை. அந்தப் பொய்யைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு அது 'நல்லாருக்கேன்' என்பதைப்போல ஆகிவிட்டிருந்தது.

அவளுக்கு அண்ணன் இருந்தான், ஜெபசீலன். சின்ன வயதில் இருவருக்கும் ஒரே சமயத்தில் பொன்னுக்கு வீங்கி வந்தது. அவளுக்குக் கன்னம் வற்றியதோடு சரி. அவனுக்கு இடது காது போய்விட்டது. அதிலிருந்து பள்ளிக்கூடம் போகும்போது அவள் அவனுடைய இடது பக்கம்தான் நடப்பாள். வண்டி வருகிற சத்தம் அந்தப் பக்கம் அவனுக்குக் கேட்காது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு, வண்டி வந்தால் இறுக்குவாள். அவன் நிற்பான். சாலை காலியானதும் பிடியைத் தளர்த்துவாள். கூச்சல் கிடையாது, பேச்சு கிடையாது. வளர்ந்த பிறகும், யாரோடு நடந்தாலும், தனியாக நடந்தாலும்கூட, வலது பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு நடக்கிற பழக்கம் அவளுக்கு இருந்தது. தெருவில் அதையும் கேலி செய்வார்கள்.

ஜெபசீலன் வேறு சாதியில், வேறு மதத்தில் பெண் எடுத்தான். அவள் பெயர் இசக்கியம்மாள். அந்த வருஷம் சர்ச்சில் நடந்த அசன விருந்தில், சபையே பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, அப்பா எழுந்து நின்று, "எனக்கு ஒரே பிள்ளை, அது பாக்கியசீலிதான்" என்று அறிவித்தார். ஜெபசீலன் பந்தல் வாசலில் நின்றுகொண்டிருந்தான். வலது காது நன்றாகக் கேட்குமே, கேட்டான். பாக்கியசீலி சாம்பார் வாளியோடு நின்றிருந்தாள். அண்ணன் அவளைப் பார்த்தான். அவள் வாளியைப் பார்த்தாள். அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் அந்த வார்த்தை மட்டும் வீட்டில் உயிரோடு இருந்தது.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிய சமயம். ஒருநாள் கூடத்தில் விழித்தபோது பாக்கியசீலிக்கு வலது உள்ளங்கை எரிந்தது. பார்த்தால் நான்கு நகங்களும் பதிந்த பிறைத் தழும்பு, ஒன்றில் ரத்தம். பக்கத்தில் உமையாளும் உதவியாளர் இருவரும் நின்றிருந்தார்கள். விரல்களைப் பிரிக்கப் பெரும்பாடு பட்டதாகச் சொன்னார்கள். தசைப்பிடிப்பு, பயப்பட ஒன்றுமில்லை, ஒரு வாரம் ஓய்வெடுத்துவிட்டு வாருங்கள் என்று தைலம் கொடுத்து அனுப்பினார் உமையாள்.

ஓய்வு என்றால் சும்மா இருக்க முடியுமா? அம்மா ஞானப்பூவைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் போனாள். ஐந்தருவியில் ஆசை தீரக் குளித்தாள். பலாச்சுளை, முட்டைப் புரோட்டா என்று வயிறு நிறையத் தின்றாள். புருஷன் போன பிறகு அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை. மத்தியானம் சத்திரத்தில் அவள் கண்ணயர்ந்தபோது அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். விழித்ததும் அம்மாவின் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"உறங்குத பிள்ள இப்படியா கைய இறுக்கும்? நான் பிரிச்சுப் பாக்கேன், வரமாட்டேங்கு. யாரப் பிடிச்சுக்கிட்டு இருந்தட்டி?"

உள்ளங்கையில் பழைய தழும்பின் மேலேயே புதுத் தழும்பு. தசைப்பிடிப்பு என்றாள் பாக்கியசீலி. அம்மா எண்ணெய் பூசி ஜெபம் செய்தாள்.

அதன் பிறகு உறங்கும்போதெல்லாம் அப்படித்தான். விழித்திருக்கும்போது கை நல்ல பிள்ளையாக இருக்கும், வெங்காயம் நறுக்கும், பூத் தொடுக்கும். கண் மூடினால் இறுகிவிடும். நகத்தை ஒட்ட வெட்டினாள். துணி சுற்றிக்கொண்டு படுத்தாள். துணி கிழிந்தது. கூடத்தில் ஒரு ரப்பர் பந்து வெடித்தே போயிற்று. கை சரியாகும்வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் உறங்கினால்தானே அந்த வீட்டில் இரண்டு பேருக்குச் சோறு!

அதைவிட வேறொன்று அவளைப் போட்டு வாட்டியது. தனக்குள் இன்னொருத்தி இருக்கிறாள் என்பது அதுவரை அவளுக்கு ஒரு வேடிக்கைப் பேச்சுதான். தினமும் தான் இல்லாத நேரத்தில் எழுந்து, தன் காதால் கேட்டு, தன் கையால் ஆட்களுக்கு மூச்சைக் கொடுத்தும் மறுத்தும் வருகிறவள். இப்போது அவள் எதையோ கண்டுவிட்டாள். சொல்ல வாயில்லாமல் உள்ளங்கையில் கீறிக் கீறிக் காட்டுகிறாள். படுக்கையை விரிக்கவே பாக்கியசீலிக்குப் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து சோற்றுக்கு உட்காரும் நேரம். வாசலில் ஒரு பெண் நின்றாள். ஒட்டி உலர்ந்த முகம், நெற்றி வெறுமையாக இருந்தது. உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

"நான் இசக்கி. அவிய போயிட்டாவ. சொல்லாம விட்டா நாளைக்கு நீங்க என்னையக் குத்தம் சொல்லக் கூடாதுல்லா, அதான் வந்தேன்."

சாம்பல் காய்ச்சல். ஜெபசீலன் ஃபிளெக்ஸ் அடிக்கும் கடையில் வேலை பார்த்தவன். மை நெடியில் ஏற்கெனவே நெஞ்சு பழுதாகியிருந்ததாம். சாரல் தொடங்கின சமயத்தில் மூச்சு முட்டிப்போய் மூச்சுக் கட்டில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உறக்கக் கூடத்துக்கு விவரம் போனது, கட்டில் இல்லை என்று பதில் வந்தது. அந்த வாரத்திலேயே முடிந்துவிட்டது. இரண்டு பெண்பிள்ளைகள். இதையெல்லாம் இசக்கி அழாமல், பாடம் ஒப்பிக்கிறதுபோலச் சொன்னாள். பிறகு பாக்கியசீலியை நிமிர்ந்து பார்த்தாள்.

"கடைசி வரைக்கும் தெம்பாத்தான் இருந்தாவ. 'என் தங்கச்சி அங்கதான் வேல பாக்கா. அவ காதுல விழுந்தாப் போதும், எனக்குக் கட்டில் வந்துரும்'ன்னு சொல்லிக்கிட்டே கெடந்தாவ."

அம்மா அடுக்களைக்குள் போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து இசக்கியிடம் நீட்டினாள். அவள் குடித்து முடிக்கும்வரை நின்றாள். பிறகு அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்து, மூத்த பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டாள். பெயரைக் கேட்ட பிறகுதான் அழ ஆரம்பித்தாள்.

பாக்கியசீலிக்குக் கண்ணீர் வரவில்லை. சாரல் தொடங்கின சமயம் என்ற வார்த்தை மட்டும் காதில் நின்றது. அண்ணன் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த அந்த வாரத்தில்தான் அவள் ஐந்தருவியில் தலையைக் கொடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்கு முன்னால், யாருக்குத் தெரியும், அவன் கழுத்தை நெரித்ததே இந்தக் கையாக இருக்கலாம். சும்மா கிடந்தாலே போதுமே, அதற்குப் பெயர் மறுப்புத்தானே. உள்ளே இருந்தவள் செய்த பாவத்துக்கு உள்ளங்கையைக் கீறிக்கொள்கிறாள் என்றுதான் அவள் நினைத்தாள்.

மறுநாள் காலையில் உமையாளின் அறைக்குப் போய் நின்றாள். யார் என்ன சொன்னார்கள் என்பதை உறங்குகிறவர்களுக்குச் சொல்லக் கூடாது என்பது கூடத்தின் முதல் விதி. உமையாள் அதைச் சொல்லிப் பார்த்தார். பாக்கியசீலி நகரவில்லை.

"எனக்கு ஒரு அண்ணன் இருந்தாவ மேடம். அன்னைக்கு உங்ககிட்ட இல்லன்னு சொன்னேன். பொன்னுக்கு வீங்கில இடது காது போனவிய."

உமையாள் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். அந்த விவரம் அவருக்கும் ஞாபகம் இருந்தது, பந்தைக் கையிலிருந்து பிரிக்க முடியாமல் போன அன்று ஓடிய விவரம். நாற்பதைத் தொட்ட ஆண், அச்சுத் தொழில், இரண்டு பெண் குழந்தைகள், சிறுவயதில் பொன்னுக்கு வீங்கியால் இடது காது கேளாதவர்.

"நீங்க மறுக்கல" என்றார் உமையாள். "அந்தக் காது விஷயம் வந்ததும் அழுத்தினீங்க. அழுத்தினவங்க விடவே இல்லை."

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள். பாக்கியசீலிக்கு உடம்பெல்லாம் ஒரு நிம்மதி பரவியது. நான் கொல்லவில்லை, நான் கொல்லவில்லை. அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். மற்ற நாலு பேரும் மறுத்திருப்பார்கள், என்ன செய்ய என்றாள்.

உமையாள் அதற்கு ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு பொய்யால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்த அம்மாளும் பல வாரமாக எதையோ சுமந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்.

"நாலு பேர்ல ரெண்டு பேர் கொடுக்கலாம்னாங்க, ரெண்டு பேர் வேண்டாம்னாங்க. உங்களுடையது கணக்குல வரல பாக்கியசீலி. அழுத்திட்டு விட்டாத்தான் கருவிக்கு அது சம்மதம். விடாமப் பிடிச்சா தசைப்பிடிப்புன்னு தள்ளிடும். சமமா நின்னுடுச்சு. சமமானா கட்டில் வரிசையில அடுத்த ஆளுக்கு."

பாக்கியசீலிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"விட்டிருந்தா?"

"கிடைச்சிருக்கும்." உமையாளின் குரல் இறங்கியிருந்தது. "விடாத பிடின்னா அது தசைப்பிடிப்புத்தான்னு முடிவு பண்ணினது நான். இதுக்கு முன்னாடியும் சில பேருக்கு இப்படி வந்திருக்கு. எல்லாருக்கும் தைலம் கொடுத்துத்தான் அனுப்பினேன்."

சின்ன வயதில் வண்டி வந்தால் இறுக்குவாள், சாலை காலியானால்தான் விடுவாள். அன்றைக்கு அவன்மேல் என்ன வந்துகொண்டிருந்தது என்று உள்ளே இருந்தவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவளா விடுவாள்?

உமையாள் ஒரு வழி சொன்னார். உறங்குகிறவளுக்கு அந்த விவரம் இன்னும் முடியவில்லை. தன் சம்மதம் தள்ளப்பட்டதும் அவளுக்குத் தெரியாது, ஆள் போனதும் தெரியாது. இப்போதும் அவனுக்காகக் கட்டில் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறாள். தெரிந்த குரலில் ஒருதரம் சொல்லிப் பதிவுசெய்து, உறங்கும்போது காதில் ஓட்டினால் போதும், கை விட்டுவிடும். தழும்பு ஆறும், வேலைக்கும் வரலாம்.

"யார் குரல்ல?"

"உங்க குரல்லயே சொன்னா நல்லது. ஜெபசீலன் இல்லை, இறந்துட்டான், கையை விடுன்னு. அவ்வளவுதான்."

பக்கத்து அறையில் ஒலிவாங்கி முன்னால் உட்காரவைத்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. பாக்கியசீலி வாயைத் திறந்தாள், "ஜெபசீலன் இல்ல" என்பதில் 'ஜெப' என்பதோடு குரல் நின்றுவிட்டது. ஓய்வுநாள் பள்ளியில் பேதுருவின் கதையைப் படிக்கும்போது அவளுக்கு அந்த ஆள்மேல் அவ்வளவு கோபம் வரும். கூடவே திரிந்தவனை அறியேன் என்று மூன்று தடவை சொல்ல எப்படி மனசு வந்தது என்று கேட்பாள். அசனப் பந்தலில் ஒரு தடவை ஆயிற்று. இதே கட்டிடத்தில், உமையாளுக்கு எதிரில் உட்கார்ந்து இரண்டாம் தடவை ஆயிற்று. இப்போது மூன்றாவது தடவை, அதுவும் உறக்கத்திலும் அவனை அறிந்துகொண்ட அந்த ஒரே ஒருத்தியின் காதில் போய்.

தண்ணீர் வாங்கிக் குடித்தாள். பிறகு ஒலிவாங்கியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு பேசினாள்.

"எனக்கு ஒரு அண்ணன் இருக்காவ. பேரு ஜெபசீலன். இடது காது கேக்காது. நீ பிடிச்சுக்கோ."

எழுந்துவிட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த உமையாள் வெளியே வந்து, இதைப் போட்டால் கை ஒருநாளும் விடாதே என்றார்.

"விட வேண்டாம் மேடம். நான்தான் விட்டுட்டேன். அவளாவது பிடிச்சுக்கிட்டு இருக்கட்டும்."

வேலை என்னாகும் என்று உமையாள் கேட்கவில்லை. அது அவளுக்கே தெரியும். படுத்து எழுந்தால் சோறு என்ற காலம் முடிந்தது. இனி விழித்துக்கொண்டு செய்யும் வேலை எதையாவது பார்க்க வேண்டும். பல்கலைக்கழக வாசலில் இசக்கி காத்திருந்தாள். முந்தின நாள் அம்மா அவளைப் போகவிடாமல் வீட்டிலேயே தங்கவைத்திருந்தாள், காலையில் அவளும் கூடவே வந்திருந்தாள். என்ன சொன்னார்கள் என்று அவள் கண்ணாலேயே கேட்டாள். எல்லாவற்றையும் சொல்லத்தான் வேண்டும், விட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்பதையும் சேர்த்து. அதைக் கேட்ட பிறகு இசக்கி தன் முகத்தில் விழிப்பாளோ மாட்டாளோ.

"வாங்க மைனி, வீட்டுக்குப் போயிச் சொல்லுதேன்" என்றாள். அண்ணன் பெண்டாட்டியை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தம். இசக்கி முன்னால் விறுவிறுவென்று சாலையைத் தாண்டிப் போய்விட்டாள். பாக்கியசீலி பின்னால் வந்தாள். பாதிச் சாலைக்கு வந்திருப்பாள், இடது பக்கமிருந்து தென்காசி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அவள் நினைப்பதற்குள் வலது கை இறுகிக்கொண்டது. கண் விழித்திருக்கும்போது அது அப்படி இறுகியது அதுதான் முதல் தடவை. நகம் குத்தியது, அவள் பிரிக்கப் பார்க்கவில்லை. பஸ் போனது, அதன் பின்னால் ஒரு லாரியும் போனது. வலது பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு, அவள் அசையாமல் நின்றாள். அக்கரையிலிருந்து இசக்கி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாலை காலியானது. "வாண்ணே, போவலாம்" என்றாள் பாக்கியசீலி.